அப்பா பெயருக்கு வந்த கடிதம்

பணத்தைப் போடும்போது ஒரு நிமிடம்கூட ஆகாது. எடுக்கப் போனால்தான் நான் யார், எவன், எங்கே இருக்கிறேன் என்று அவர்களுக்கு ஆயிரம் சந்தேகம் வரும். ஜெர்சி சிட்டிக்குக் குடிவந்த ஆறாம் வருடம் எனக்கு இது புரிந்தது.

நியூஜெர்சியில் ஆன்லைன் கேசினோ சட்டப்படி ஆடலாம். அதுதான் வினை. ஜர்னல் ஸ்கொயரில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது போனில் பத்து டாலர், இருபது டாலர் என்று ஆரம்பித்தேன். மச்சினி கல்யாணத்துக்கு ஊர் போக நானும் மனைவியும் சேர்த்து வைத்திருந்த பணத்தில் இரண்டாயிரம் டாலரை இப்படியே விட்டேன். அவளுக்குத் தெரியாது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் துணி மடித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்தபடியே இரண்டாயிரத்து நானூறு ஜெயித்தேன். போதும்டா சாமி என்று பணத்தை வெளியே எடுக்க உடனே வித்டிராயல் போட்டேன். அடுத்த வார வெள்ளிக்கிழமை அவள் டிக்கெட் போடுவதாக இருந்தாள். அதற்குள் பணம் வந்துவிட்டால் நான் செய்தது யாருக்கும் தெரியப் போவதில்லை.

திங்கட்கிழமை பார்த்தேன், 'பெண்டிங்'. செவ்வாய்க்கிழமையும் அதேதான். பக்கத்திலேயே ஒரு பச்சை பட்டன் வேறு. அதை அழுத்தினால் வித்டிராயலை ரத்து செய்துவிட்டு மறுபடி ஆடலாமாம். எமகாதகர்கள். ரயில் ஆற்றைக் கடந்து மன்ஹாட்டன் போனதும் ஆப் ஆட விடாது, நியூயார்க்கில் அதற்கு அனுமதியில்லை. ஆகவே ஆபீசில் நான் உத்தமன். சாயங்காலம் ஜெர்சியில் இறங்கியதும் கை அரிக்க ஆரம்பிக்கும். செவ்வாய்க்கிழமை அழுத்திவிட்டேன். கால் மணியில் நானூறு போனது. மிச்சம் இரண்டாயிரத்துக்கு மறுபடி வித்டிராயல் போட்டு, வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

புதன்கிழமை சாட்டில் போய்க் கேட்டேன். பதில் எழுதியவர் அப்பாவின் பெயரைச் சொல்லி எனக்கு வணக்கம் வைத்தார். திருதிருவென்று விழித்தேன்.

கணக்கு திறந்தபோது இரண்டு கட்டங்கள் இருந்தன, முதல் பெயர், கடைசிப் பெயர் என்று. நமக்கு இனிஷியல் முன்னால்தானே வரும்? அவசரத்தில் முதல் கட்டத்தில் அப்பா பெயரையும் அடுத்ததில் என் பெயரையும் போட்டிருக்கிறேன். டிரைவர் லைசென்ஸில் அது தலைகீழாக இருக்கிறது. பணம் போட்ட மாதங்களில் யாருக்கும் இது உறுத்தவில்லை. இப்போது, வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் வரும், அதில் உள்ள எண்ணைக் கொடுங்கள், கூடவே ஒரு கரன்ட் பில்லும் வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் கரன்ட் பில் மனைவி பெயரில் வருகிறது.

தினமும் அவளுக்கு முன்னால் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அடுத்த வியாழக்கிழமை ஆபீசில் மீட்டிங் இழுத்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்து ஷூவைக் கழற்றும்போதே சிரித்தபடி சொன்னாள்.

"மாமாவுக்கு லெட்டர் வந்திருக்கு."

"யாருக்கு?"

"உங்கப்பாவுக்கு. அவர் பேர்ல வந்தத நான் எப்படி ஓப்பன் பண்றது? அவர்கிட்டயே வெச்சுட்டேன்."

சாமி அலமாரியில், அப்பா படத்துக்கு முன்னால் உறை சாய்ந்து நின்றது. அப்பா தவறி நான்கு வருடம் ஆகிறது. கல்யாண வீட்டில் யாராவது சீட்டுக்கட்டைப் பிரித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிற மனுஷர். உறையின் மூலையில் இரண்டு பகடைகள். அதன் மேல் அவர் பெயர் முழுசாக, பின்னால் என் பெயரைச் சுருக்கி ஒற்றை எழுத்து. இத்தனை வருடம் எனக்கு இனிஷியலாக இருந்தவருக்கு நான் இனிஷியலாகியிருந்தேன்.

அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், அந்த நானூறு உட்பட. எவ்வளவு ஜெயித்தேன் என்று அவள் கேட்கவே இல்லை.

"எத்தன மாசமா?" என்றாள்.

"ஏழு."

"ஏழு மாசமா பக்கத்துலயே உக்காந்துட்டு."

பிறகு எழுந்து போய்க் கரன்ட் பில்லையும் எங்கள் கல்யாண சர்டிபிகேட்டையும் லேப்டாப்பையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அப்லோட் பண்ணுங்க. இந்தத் தடவையாவது உங்க பேர முன்னாடி போடுங்க. அவரு என்ன பண்ணினாரு பாவம்."

வெள்ளிக்கிழமை அவளே தன் கார்டில் டிக்கெட் போட்டாள். பணம் அதற்கடுத்த புதன்கிழமைதான் வந்தது. அன்றைக்கே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கணக்கை மூடச் சொல்லி எழுதினேன். மூடுவதற்கு மட்டும் ஒரு தாளும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கடைசி மெயில் வந்தது. பெயரை அவர்கள் எல்லா இடத்திலும் திருத்தவில்லை போல. அப்பாவின் பெயரை எழுதி, நீங்கள் எங்களை விட்டுப் போனதில் வருத்தம், எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று போட்டிருந்தார்கள். அவளிடம் காட்டினேன். படித்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா போனபோது விசா சிக்கலில் ஊருக்குப் போக முடியாமல் இதே வீட்டில்தான் இருந்தேன். அன்றைக்கு வராத அழுகை அந்த மெயிலைப் பார்த்துத்தான் வந்தது.