சமநிலைக்குப் பயந்த சவுந்தரநாயகம்

கொட்டாஞ்சேனையில் மைதானத்துக்கு எதிரே மஹ்ரூபின் தேநீர்க்கடை இருந்தது. தொண்ணூறுகளின் பின்பாதியில் இலங்கையின் தலைசிறந்த உதைபந்தாட்ட ஆராய்ச்சி நிலையம் அதுதான். அங்கே தேநீர் குடித்தவர்களில் ஒருவர்கூடப் பந்தை உதைத்தவரில்லை. ஆராய்ச்சிக்கு அது ஒரு தடையாக இருக்கவுமில்லை. அவர்களை நெடுநாள் வாட்டிய கேள்வி ஒன்று: பெயின்ற் கம்பனி அணியின் நடுக்கள ஆட்டக்காரர் சவுந்தரநாயகம், ஆட்டம் இழுபறியாகும்போது கடைசிப் பத்து நிமிடத்தில் ஏன் ஒன்றுக்கும் உதவாமல் போகிறார்?

கேள்வி நியாயமானது. முதல் பாதியில் அவரைப் பிடிக்க ஆளில்லை. எதிரணியின் ஐந்து பேருக்கு நடுவே ஒரு சந்து இருக்கிறது என்பது அந்த ஐந்து பேருக்கும் தெரிய முதல் அவர் காலுக்குத் தெரிந்துவிடும். பந்து அதற்குள்ளால் போய்விடும். அணி மூன்று கோல் முன்னே நின்றால் கடைசி விசில் வரைக்கும் சிரித்துக்கொண்டே ஆடுவார். ஒன்றுக்கு ஒன்று என்று நின்றுவிட்டால் போதும், மனிதர் வானத்தைப் பார்க்கத் தொடங்குவார். பந்து காலடிக்கு வரும். அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார்.

"முதல் பாதிக்கு இவர் ராஜா. கடைசிப் பத்து நிமிஷத்துக்கு அறுக்கக் கொண்டு போற ஆடு மாதிரி ஈக்கிறார்," என்பார் மஹ்ரூப்.

வெள்ளவத்தையில் சவுந்தரநாயகம் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்மாடியில் பொன்னம்பலம் என்ற ஓய்வுபெற்ற தபாலதிபர் இருந்தார். ஆட்டம் பார்க்கவென்றே பஸ் ஏறி வருகிறவர். அவருடைய கட்சி வேறு. "நெஞ்சிலை துணிவில்லாத ஆளில்லை ஐசே. மத்தியானத்துப் புட்டு. பின்னேரம்தான் அது வயித்துக்கை தன்ரை வேலையைத் தொடங்கும்."

நரம்புத் தளர்ச்சி என்றார் ஒருவர். வியாழன் எட்டில் என்றார் இன்னொருவர். தேநீர் மட்டும் எல்லோருக்கும் ஒரே சூட்டில் வந்தது.

உண்மை ஒரே ஒருவருக்குத் தெரியும். அவர் தேநீர்க்கடைக்கு வருவதில்லை. சவுந்தரநாயகத்தின் மனைவி பாலேஸ்வரி. கணவருக்குப் பயம் எதிரணியில் இல்லை, இருட்டில் என்பது அவருக்குத் தெரியும்.

சவுந்தரநாயகம் பருத்தித்துறைக்காரர். இடம்பெயர்ந்து, வவுனியாவில் இராணுவத்தின் பயணப் பாஸ் எடுத்து, கொழும்புக்கு வந்து சேர்ந்தவர். மட்டக்குளியில் யாரோ பொழுதுபோக்குக்கு விளையாடிய இடத்தில் தானும் இறங்கி ஆட, அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெயின்ற் கம்பனி மனேஜர் அவருக்குக் களஞ்சியத்தில் வேலை கொடுத்தார். வடக்கிலிருந்து வந்தவனிடம் அந்த நாட்களில் பொலிஸ் கேட்டது ஒரே கேள்விதான்: கொழும்பில் உனக்கு என்ன வேலை? வேலை இருந்தால் விடை இருந்தது. வேலை இருந்தது கால் இருந்ததால். ஆகவே அவர் ஆடத்தான் வேண்டும்.

ஆடினால் நேரமாகும். மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்கென்று அரசாங்கம் நாட்டின் கடிகாரங்களையே முன்னுக்குத் தள்ளியிருந்த காலம் அது. அலுவலகம் விட்ட பிறகும் கொஞ்சம் வெயில் மிஞ்சியது. கம்பனிகளுக்கிடையிலான ஆட்டங்கள் அந்த மிச்ச வெயிலில்தான் நடந்தன. ஆட்டம் ஒழுங்காக முடிந்தால் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, நகரம் முழுவதையும் கடந்து, வெளிச்சம் முற்றாகப் போவதற்குள் வெள்ளவத்தைக்கு வந்துவிடலாம். சமநிலை என்றால் மேலதிக நேரம். அதன் பிறகு தண்டனை உதைகள். அதன் பிறகு இருட்டு.

இருட்டில் என்ன? ஒன்றுமில்லை, தின்னர் மணம்தான். பெயின்ற் களஞ்சியத்தில் வேலை செய்கிறவனின் உடம்பிலும் உடுப்பிலும் அது எத்தனை சோப் போட்டாலும் போகாது. பகலில் சோதனைச் சாவடியில் இறக்கினால் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் பச்சையையும் நீலத்தையும் காட்டலாம். பெயின்ற் கம்பனி, சேர். அவர்களும் பார்ப்பார்கள், விடுவார்கள். இரவில் நகம் தெரியாது. மணம் மட்டும் தெரியும். பருத்தித்துறையில் பிறந்ததாக அடையாள அட்டை சொல்கிற ஒருவன், இரசாயன மணத்தோடு, வெள்ளவத்தைக்குப் போகிற காலி வீதியில் நிற்பான்.

ஒருமுறை அப்படி நின்றிருக்கிறார். மழை பெய்து, ஆட்டம் இழுபட்டு, தண்டனை உதை வரைக்கும் போன நாள். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாலேஸ்வரி ஒவ்வொரு பொலிஸ் நிலையமாக ஏறி இறங்கினார். மூன்றாம் நாள் விட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, பாலேஸ்வரியும் கேட்கவில்லை. இடது கையைத் தோளுக்கு மேலே தூக்குவதற்கு முன் அவர் ஒரு கணம் யோசிப்பதை மட்டும் கவனித்தார்.

அன்றிலிருந்துதான் முதல் பாதியில் அந்த வெறித்தனமான ஆட்டம். வெளிச்சத்தோடு கதையை முடித்துவிட வேண்டும். அவருக்கு வெல்லப் பிடிக்கும். தோற்றாலும் குறையில்லை. சமநிலைதான் சரிவராது.

அரையிறுதி நாள் காலையில் நகரத்தில் எங்கேயோ குண்டு வெடித்தது. பத்து மணிக்குள் ஒவ்வொரு சந்தியிலும் இரண்டு பேர் நின்ற இடத்தில் எட்டுப் பேர் நின்றார்கள். பாலேஸ்வரி களஞ்சியத்துக்குப் போன் எடுத்தார்.

"இஞ்சருங்கோ, இண்டைக்குக் கால் நோகுதெண்டு சொல்லிப்போட்டு வாங்கோவன்."

"காலுக்குத்தானப்பா சம்பளம் தாறாங்கள்."

"அப்ப கெதியா அடிச்சு முடிச்சுப்போட்டு வாங்கோ."

கெதியாக முடியவில்லை. எதிரணி ஒரு காப்புறுதிக் கம்பனி. ஆபத்துக்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பது அவர்கள் தொழில். சவுந்தரநாயகத்தைச் சுற்றி மூன்று பேரை நிறுத்தியிருந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று. தேவாலயக் கோபுரத்துக்குப் பின்னால் வானம் செம்மஞ்சளானது. அவர் அண்ணாந்து பார்த்தார்.

"மச்சான், அஹச பலன்ன எபா!" என்று சிங்களத்தில் கத்தினார் லயனல். வானத்தைப் பார்க்காதே என்று அர்த்தம். லயனல் அணித் தலைவர், கோல்காப்பாளர். கம்பனியில் லொறி ஓட்டுகிறவர்.

அப்போது பந்து சவுந்தரநாயகத்தின் காலுக்கு வந்தது. அதன் பின் நடந்ததை மஹ்ரூபின் கடையில் வீரம் என்றார்கள். நாய் துரத்தினால் எந்த மனிதனும் அப்படித்தான் ஓடுவான். மூன்று பேரைக் கடந்தார், நாலாவது ஆளின் மேல் ஏறாத குறை, இடது காலா வலது காலா என்று பாராமல் உதைத்தார். கோல். விசில். இன்னும் வெளிச்சம் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினால் போதும்.

ஓட விடவில்லை, தோளில் தூக்கிவிட்டார்கள்.

தோற்றவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தங்கள் வான் வண்டியில் ஏறினார்கள். உயரத்தில் இருந்ததால் சவுந்தரநாயகத்துக்கு அது நன்றாகத் தெரிந்தது. வான் காலி வீதிப் பக்கம் திரும்பி, நல்ல வெளிச்சத்தில் மறைந்தது. வென்றவர்கள் பிரதம விருந்தினருக்காகக் காத்திருக்க வேண்டும். பிரதம விருந்தினர் என்பவர் பிந்தித்தான் வருவார். நேரத்துக்கு வந்தால் அவரை ஒருவரும் பிரதமமாக நினைக்கமாட்டார்கள். குண்டு வெடித்த நாளாதலால் அன்று இன்னும் பிந்தினார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பேசினார். "பயம் என்றால் என்னவென்று அறியாத இந்த இளைஞர்" என்று சவுந்தரநாயகத்தின் தோளில் தட்டினார். இடது தோள். பிறகு சிறந்த ஆட்டக்காரருக்கான பரிசைக் கொடுத்தார்.

சரிகைத் தாள் சுற்றிய ஒரு பெட்டி. கையில் வாங்கியபோதே சவுந்தரநாயகத்துக்கு அது கேட்டுவிட்டது. டிக், டிக், டிக். சுவர்க் கடிகாரம். பற்றறியும் போட்டுத் தந்திருந்தார்கள், நல்ல மனதுக்காரர்கள்.

கூட்டம் கலைந்தது. இருட்டிவிட்டது. தெருவில் நின்று யோசித்தார். குண்டு வெடித்த அன்றிரவு, துடிக்கிற ஒரு பார்சலோடு பஸ் ஏறுவதா? எங்கேயாவது வைத்துவிட்டுப் போவதா? ஆளில்லாத பார்சல் என்றால் கொட்டாஞ்சேனையே ஓடும். வைத்தவன் ஆர் என்று பிறகு தேடுவார்கள். மஹ்ரூபிடம் நீட்டினார்.

"நானா, இதை உங்கடை கடையிலை வையுங்கோவன்."

"அல்லாவே, இண்டைக்கா? வாணாம் தம்பி! ஒங்களுக்குக் கெடச்ச பரிசு, ஊட்டுக்குக் கொண்டு போங்க. பொஞ்சாதி சந்தோசப்படுவா."

கடைசியில் மிகப் புத்திசாலித்தனமான ஒரு காரியம் செய்தார். தாளையும் பெட்டியையும் கிழித்து எறிந்தார். கடிகாரம் என்று எவனுக்கும் தெரியட்டும். பற்றறியைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். இனிச் சத்தமில்லை. நிம்மதியாக பஸ் ஏறினார்.

காலி வீதியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் டோர்ச் வெளிச்சம் விழுந்தது, பிறகு முகத்தில், பிறகு கடிகாரத்தில். துப்பாக்கி வைத்திருந்த பையன் மூக்கைச் சுருக்கி மணந்து பார்த்தான்.

"மொகத மே?" இது என்ன.

"ஒர்லோசுவக், சேர்." கடிகாரம்.

பையன் அதைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்துக் குழி வெறுமையாக இருந்தது. குரல் மாறியது. "பெட்டரிய கோ?"

பற்றறி எங்கே என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பதுதானே மரியாதை. சவுந்தரநாயகம் மரியாதையுள்ள மனிதர். சட்டென்று கையைப் பைக்குள் விட்டார்.

சுற்றி நின்ற அத்தனை துப்பாக்கிகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்த சத்தத்தை அவர் பிறகு பாலேஸ்வரியிடம் சொல்ல முயன்றார். நாக்கை மேல்வாயில் ஒருதரம் தட்டிக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். பயணிகள் தரையில் குப்புற விழுந்தார்கள். அவரும் விழுந்தார். கைக்குள் பற்றறி, வாய்க்குள் தார் வீதி. சுடாமல் விட்டது அந்தப் பையனின் நல்ல குணமா, அவனுக்கும் விரல் விறைத்துப்போய்விட்டதா என்பது இன்றுவரை தெரியாது.

மறுநாள் மத்தியானம் லயனலும் மனேஜரும் பொலிஸ் நிலையத்துக்கு வந்து கையெழுத்து வைத்து மீட்டார்கள். கடிகாரத்தைத் திருப்பித் தரவில்லை. கேட்கவுமில்லை.

தேநீர்க்கடை ஆராய்ச்சியாளர்கள் இதற்கிடையில் கட்சி மாறியிருந்தார்கள். "நான் அண்டைக்கே செல்லல்லியா? நெருக்கடி வந்தாத்தான் இவர் ஆளே," என்றார் மஹ்ரூப். புட்டை விட்டதன் பலன் என்றார் பொன்னம்பலம். இறுதியாட்டத்துக்குக் கூட்டம் இரட்டிப்பாக வந்தது.

பாலேஸ்வரி அன்று போன் எடுக்கவில்லை. காலையில் வாசல்வரை வந்து, சேட்டுக் கொலரைச் சரிசெய்துவிட்டு, "என்னெண்டாலும் வெளிச்சத்தோடை வந்திடுங்கோ," என்றார்.

இறுதியாட்டமும் ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடங்கள். பிரதம விருந்தினர் அதிசயமாக வந்து அமர்ந்திருந்தார். நீண்ட பேச்சுக்கான தாள்கள் அவர் மடியில் இருந்தன. அவருக்கு முன்னால் மேசையில் சரிகைத் தாள் சுற்றிய ஒரு பெட்டி. போன தடவையைவிடப் பெரிது. உள்ளே என்னவென்று சவுந்தரநாயகத்துக்குத் தெரியாது. சோற்றுச் சட்டியாக இருக்கலாம், இஸ்திரிப் பெட்டியாக இருக்கலாம். வயர் உள்ள எதுவாகவும் இருக்கலாம்.

பந்து அவரிடம் வந்தது. கூட்டம் எழுந்து நின்றது.

"இப்பப் பாருங்க!" என்றார் மஹ்ரூப்.

முன்னே பார்த்தார். வழி திறந்து கிடந்தது. வென்றால் தோள், குத்துவிளக்கு, பேச்சு, பெட்டி. விட்டால் மேலதிக நேரம். இரண்டுக்கும் முடிவில் ஒரே வீதி, ஒரே டோர்ச். அவர் திரும்பினார். பின்னே, தம் பக்கத்துக் கோலிலிருந்து நன்றாக முன்னே வந்து லயனல் நின்றிருந்தார். பந்தைப் பின்னுக்குக் கொடுப்பது ஆட்டத்தில் இருக்கிற வழமைதான். சவுந்தரநாயகம் கொடுத்தார். கொஞ்சம் பலமாக, கொஞ்சம் விலத்தி. லயனல் பாய்ந்தார், பந்து அவரைத் தாண்டி மெதுவாக, அவசரமே இல்லாமல், கோலுக்குள் உருண்டது. விசில்.

ஒருவரும் தோளில் தூக்கவில்லை. ஒருவரும் பக்கத்தில்கூட வரவில்லை. மனேஜர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் எறிந்தார். லயனல் எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டி, அவர் முகத்தைப் பாராமல், "பலயாங்," என்றார். போய்த்தொலை. சவுந்தரநாயகம் போனார். மைதானத்து வாசலில் பொன்னம்பலம் ஏதோ கேட்க வாயெடுத்ததைக்கூட அவர் பார்க்கவில்லை, பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

காலி வீதியில் இறக்கினார்கள். நகத்தைக் காட்டினார். பச்சையும் நீலமும் நன்றாகத் தெரிந்தன. ஏறு என்றார்கள்.

பாலேஸ்வரி கதவைத் திறந்தபோது வெளியில் இன்னும் எதிர்வீட்டுப் பலகையிலிருந்த எழுத்தை வாசிக்கலாம் போலிருந்தது. கதவைப் பூட்டி, கொண்டியையும் போட்டுவிட்டுக் கேட்டார்.

"ஆர் வெண்டது?"

"அவங்கள். நான்தான் அடிச்சுக் குடுத்தனான்."

"தவறிப் போச்சுதோ?"

"இல்லையப்பா."

பாலேஸ்வரியின் முகத்தில் வேறொரு பயம் வந்தது. வேலை போனால் பொலிசுக்குக் காட்டுகிற கம்பனிக் கடிதம் போகும். கடிதம் போனால் இந்த வீட்டில் இருக்கவும் ஒரு காரணமில்லை.

"நாளைக்கு மனேஜர் கூப்பிட்டு நிப்பாட்டிப்போட்டன் எண்டு சொன்னா?"

சவுந்தரநாயகம் சப்பாத்தின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது.

"சொல்லுவார்தான்," என்றார். "பகலிலைதானே சொல்லுவார்."