பிளாஸ்டிக் மாமாவின் இயற்கை வரவேற்பு

என் மாமா எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஆட்களைப் பார்க்கமாட்டார், பூச்சாடியைத் தேடுவார். வங்கியோ, பல் மருத்துவரின் காத்திருப்பு அறையோ, யாரும் கவனிக்காத நொடியில் ஓர் இலையைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கிள்ளுவார். சாறு கசிந்தால் முகம் சுருங்கும். விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். நகம் வழுக்கினால், தூரத்துச் சொந்தக்காரரைப் பேருந்தில் பார்த்துவிட்டதுபோல மலர்ந்து, "நல்ல சரக்கு" என்பார்.

இவர் அம்மாவின் தம்பி. இருபது வருஷமாகப் பிளாஸ்டிக் பூக்களை வாடகைக்கு விடுகிறார். எங்கள் குடும்பத்தில் பிளாஸ்டிக் மாமா என்றால்தான் தெரியும். அவர் வீட்டு மாடியறை முழுக்கச் சாக்கு மூட்டைகள். ஒன்றில் 'வெள்ளை ரோஜா, நல்லது' என்று எழுதியிருக்கும். பக்கத்து மூட்டையில் 'வெள்ளை ரோஜா, தூரத்துக்கு'. ஐந்தாவது வரிசைக்குப் பின்னால் உட்காருகிறவர்களுக்கு என்று அர்த்தம். மாதம் ஒருமுறை அத்தை எல்லாவற்றையும் ஷாம்பு போட்டு அலசி, மொட்டைமாடிக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவார். அப்படிக் காய்ந்த ரோஜாவில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்ததை மாமா இன்றுவரை சொல்கிறார். அது உடனே எழுந்து போனதைச் சொல்வதில்லை.

அவருடைய பிழைப்பில் முக்கால்வாசி ஒரே ஒரு மண்டபத்தில் இருந்தது. அதன் மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"பிளாஸ்டிக்னு சொன்னாலே பார்ட்டிங்க ஓடுறாங்க. எல்லாருக்கும் நேச்சுரல் வேணுமாம். மாசக் கடைசியில புது லிஸ்ட் போடுறேன். நேச்சுரல் பண்றவங்க பேரு மட்டும்தான் அதுல இருக்கும். உங்களுக்குப் பண்ணத் தெரியுமா?"

"எனக்கா? நான் பொறந்ததே நேச்சுரல்தான் சார்."

"ஒண்ணு பண்ணிக் காட்டுங்க. பார்ப்போம்."

மாசக் கடைசிக்குள் அந்த மண்டபத்தில் நடக்கவிருந்தது என் அக்காவின் கல்யாண வரவேற்பு. அக்கா ஏற்கெனவே முடிவெடுத்திருந்தாள்: கடையில் வாங்கிய பூ ஒன்றுகூடக் கூடாது, நம் வட்டாரத்தில் தானாக வளர்வது மட்டும். நாணல், புல், காட்டுப்பூ, காய்ந்த கொம்பு. இதெல்லாம் ஃபோனில் பார்த்துப் பிறந்த ஞானம். வாழ்க்கையில் அவள் வளர்த்த ஒரே செடி, தண்ணீர் ஊற்ற மறந்து, தொட்டியோடு அப்படியே நின்றபடி செத்தது.

"வேற யார்கிட்டயாவது குடுத்துடலாம்டி. இவனுக்குப் புல்லுக்கும் கீரைக்கும் வித்தியாசம் தெரியாது" என்றாள் அம்மா, மாமாவை எதிரில் வைத்துக்கொண்டே.

"அக்கா, லிஸ்ட்ல என் பேரு வரலேன்னா எனக்கு வேற வழியில்ல. மாடியில இருக்கிற அத்தனை மூட்டையையும் கொண்டாந்து உன் ஹால்லதான் அடுக்கணும்."

அம்மா ஒப்புக்கொண்டாள். பாசத்தாலா, ஹாலை நினைத்தா என்று தெரியவில்லை.

வரவேற்பன்று மதியம் போய்ப் பார்த்தால், வாய் பிளந்துவிட்டோம். மேடையின் பின்னால் நாணல் கதிர்கள் விசிறி விசிறியாக நின்றன. காய்ந்த கொம்புகளுக்கு நடுவே பெயர் தெரியாத மஞ்சள் பூக்கள். வாசலிலிருந்து மேடை வரை இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குப் புல் கட்டுகள். நடைபாதையை வேண்டுமென்றே குறுக்கியிருந்தார். "காட்டுக்குள்ள போற ஃபீலிங் வரணும்."

"எங்க மாமா கிடைச்சுது?" என்றாள் அக்கா, கண் கலங்கி.

"மலையடிவாரம். ரெண்டு மணி நேரம் வேன்ல போய் நானே வெட்டினேன். மான் மேயற இடம்."

"மச்சான், புல்லுக்குள்ள பாம்பு கீம்பு இருக்கப்போகுது" என்றார் அப்பா.

"அதுக்கெல்லாம் தனியாச் சொல்லணும் அத்தான்."

மாலையில் விருந்தினர்கள் வரத்தொடங்கினார்கள். முதலில் நடந்தவர் சம்பந்தியம்மா. வாசலில் வெறும் ஊதாப் பட்டாக இருந்த புடவை, மேடைக்கு வருவதற்குள் முழங்கால் வரை பழுப்புக் கரை போட்டிருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தார். கரை குத்தியது. மாமா வெட்டி வந்தது ஒட்டுப்புல். இருபது வருஷம் பிளாஸ்டிக்கோடு வாழ்ந்தவருக்குப் புல்லுக்கு விதை இருக்கும், அது ஆள்மேல் ஏறும் என்பதெல்லாம் தெரிய நியாயமில்லை.

பத்து நிமிஷத்தில் மண்டபமே குனிந்துவிட்டது. நூற்றைம்பது பேர் மணமக்களுக்கு முதுகைக் காட்டியபடி புடவையையும் காலுறையையும் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். "பட்டு போச்சு!" "எவன்யா இதைக் கட்டினவன்?" அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவர் சொன்னதை அச்சில் போட முடியாது. வாசலில் மேனேஜர் ஒற்றைக்காலில் நின்று பேண்ட்டை உதறிக்கொண்டிருந்தார். மாமா அதைப் பார்த்துவிட்டு நாணலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் பக்கத்தில் இருந்தேன். வியர்வை துடைத்துத் துடைத்து அவர் கைக்குட்டை சொட்டியது. "போச்சு, என் பேரு போச்சு" என்று நாணலிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை வந்தார். "என்னங்க, மேடையேறி ஏதாவது பேசுங்க. இல்லேன்னா மேடையேறி அழுங்க. ரெண்டுல ஒண்ணு சீக்கிரம்."

மாமா பேசுவதைத் தேர்ந்தெடுத்தார்.

"பெரியோர்களே! உங்க மேல ஒட்டியிருக்கிறது குப்பையில்ல, விதை. நம்ம மண்ணு தானா வந்து உங்களைக் கட்டிக்குது. மணமக்களோட தீம் இதுதான். யாரும் பிச்சுப் போட்டுடாதீங்க. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டியில போடுங்க!"

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும். பிய்த்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. பிய்த்துப் போட்டவர்கள் வெட்கப்பட்டு, தரையிலிருந்து பொறுக்கினார்கள். விதை ஒட்டாதவர்கள் திரும்பிப் போய் இன்னொருமுறை நடந்து வந்தார்கள். சம்பந்தியம்மா கரையை விரித்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். அச்சில் போட முடியாததைச் சொன்ன நண்பர், அந்த விதையின் மருத்துவ குணங்களைப் பக்கத்து நாற்காலிக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

மாசக் கடைசியில் மண்டபத்துப் பலகையில் லிஸ்ட் தொங்கியது. மாமா பெயர்தான் முதலில். அதை ஃபோனில் படம் பிடித்து, ஒரே வீட்டில் இருக்கும் எங்கள் மூன்று பேருக்கும் தனித்தனியாக அனுப்பினார். "ஒரு பேச்சு. ஒரே ஒரு பேச்சு. கவுந்த கப்பலை நிமித்திட்டேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். விசிட்டிங் கார்டில் 'இயற்கை அலங்கார நிபுணர்' ஆகிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, அவருடைய வேன் டிரைவரை டீக்கடையில் பார்த்தேன். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, அந்த மலையடிவாரம் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"எந்த மலை தம்பி? அந்த வாரம் வேன் ஷெட்டை விட்டே வரல. மண்டபத்துக்குப் பின்னாடி, ஜெனரேட்டர் ரூமுக்கும் கழிவுத்தண்ணி ஓடுற எடத்துக்கும் நடுவுல மண்டிக் கெடந்ததுதான் அத்தனையும். சுகாதார ஆபீசர் வர்றார்னு நோட்டீஸ் வந்து மேனேஜர் முழிச்சுக்கிட்டு இருந்தாரு. உங்க மாமா புல்லு தேடி வந்து நின்னதும், அவரே அரிவாளை எடுத்துக் குடுத்துட்டாரு. மாமா ஒரு கொத்து விடாம வழிச்சு எடுத்தாரு. பின்கட்டு பளிச்சுனு ஆயிடுச்சு. அன்னைக்குச் சாயங்காலமே மேனேஜர் லிஸ்ட் எழுதி, டைப் பண்ணக் குடுத்தாரு. கொண்டுபோனதே நான்தான். உங்க மாமா பேரு முதல்ல இருந்துச்சு."

"என்னைக்கு?"

"வரவேற்புக்கு முந்தின நாள்."