கார்ல் ஐயாவைப் பகல் பன்னிரண்டுக்கு முன் வாழ்த்தக் கூடாது

பிளம்ஸ் பழம் வேகும் வாசம்... கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் கறுவா. பெப்ரவரி நடுவில் ஒரு காலை அந்த வாசம் வேலி தாண்டி எங்கள் குசினிக்குள் வரும். வந்தால், பக்கத்து வீட்டுக் கார்ல் ஐயாவுக்குப் பிறந்தநாள்.

ஜெர்மன்காரர். இருபத்து மூன்று வயதில் தச்சுப் பெட்டியோடு கப்பலேறி நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு வந்தவர். அந்த நகரின் லின்ஃபீல்ட் பகுதியில் தன் வீட்டைத் தானே கட்டினார். நான்கு பிள்ளைகள், பதினொரு பேரப்பிள்ளைகள். சாப்பாட்டு மேசையும் அவர் செய்ததுதான். குடும்பத்துக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தால் மேசையில் ஒரு பலகை சேர்த்து நீட்டிவிடுவார். கடைசியில் அது ஹோலைத் தாண்டி வெளியே மரப்பலகை டெக் வரைக்கும் போய்விட்டது.

எண்பது வயதில் எங்கள் கூரையில் ஏறி, மழைத் தண்ணீர் ஓடும் பீலியைத் திருத்தித் தந்த மனிதர். நான் கீழே ஏணியைப் பிடித்தபடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

அவரோடு கதைத்ததெல்லாம் இங்கிலிஷில்தான். ஆனால் என் ஞாபகத்தில் அவர் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார். என்ன செய்ய!

நாங்கள் அங்கே குடிவந்த முதல் வருடம்... நாளைக்குக் கார்லின் பிறந்தநாள் என்று அவர் மனைவி வேலியடியில் சொன்னார். எனக்கு மறுநாள் விடிய வேலை. அதனால் அன்று பின்னேரமே கேசரி கிண்டி, கஜு எல்லாம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவரிடம் வாயெல்லாம் பல்லாக, "அட்வான்ஸ் ஹப்பி பேர்த்டே!" என்றேன்.

மனிதர் முகம் வெளிறிப்போனது. கேசரியை வாங்கினார். கதவைச் சாத்திவிட்டார்!

வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. என் கணவர் வேறு, "அழாதையும். கேசரியின்ரை நிறத்தைப் பாத்துப் பயந்திருப்பார்" என்று சிரித்தார்.

மறுநாள் நான் வேலையால் வர, கழுவிய பாத்திரம் நிறையப் பிளம்ஸ் கேக்கோடு கார்ல் ஐயா வாசலில் நின்றார்.

"குறை நினைக்காதை பிள்ளை. எங்கடை ஆக்கள் பிறந்தநாளுக்கு முதலே வாழ்த்த மாட்டினம். அது கூடாத சகுனம். இனிமேல் பகல் பன்னிரண்டுக்குப் பிறகு சொல்லு."

"ஏன் பன்னிரண்டு?"

"அப்பதானே ஜெர்மனியிலை அந்த நாள் தொடங்குது. நான் பிறந்த ஊரிலை அதுவரைக்கும் நேற்றுத்தான்."

அதன்பின் இருபத்தெட்டு வருடம் அப்படித்தான். பிள்ளைகள் எல்லாரும் மேசையைச் சுற்றி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பன்னிரண்டு அடித்ததும் வீடே அதிரும்.

போன வருடம் தொண்ணூறு. அதற்கு ஒரு கிழமை முன் இருதயம் பலவீனம் என்று வீட்டில் படுக்கவைத்துவிட்டார்கள். எந்த நேரமும் நடக்கலாம் என்று டொக்டர் சொன்னதாக மூத்த மகள் மோனிகா அழுதாள். பிறந்தநாளுக்கு முதல் நாள் பின்னேரம் கேசரியோடு போனேன். வாயே திறக்கக் கூடாது என்ற முடிவோடுதான் போனேன்.

என்னைக் கண்டதும் மற்றவர்களை வெளியே போகச் சொன்னார்.

"சொல்லு."

"என்னத்தை ஐயா?"

"முதல் வருசம் சொன்னியே. அதைச் சொல்லு."

"ஐயோ, மாட்டன்! நாளைக்குப் பன்னிரண்டுக்கு வாறன்."

என் கையைப் பிடித்தார். தச்சு வேலை செய்த கை, அப்போதும் நல்ல இறுக்கம்.

"எனக்கு ஒன்பது வயசாகிறதுக்கு முதல் நாள், அப்பா லீவு முடிஞ்சு சண்டைக்குத் திரும்பிப் போறார். வாசல்லை நிண்டு, 'நாளைக்கு நான் இருக்க மாட்டன்' எண்டு வாழ்த்தினார். முதலே வாழ்த்தினால் கூடாது எண்டு நான் காதைப் பொத்திக்கொண்டு உள்ளுக்கு ஓடிட்டன். அப்பா திரும்பி வரேல்லை."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"அந்த வாழ்த்தாலைதான் எண்டு இவ்வளவு காலமும் பயந்துகொண்டு இருக்கிறன். பிள்ளையளைக் கேட்டால் சொல்ல மாட்டினம். உனக்குத்தான் முதலே சொல்லிப் பழக்கம். சொல்லு பிள்ளை, பாப்பம்."

சொல்லி, விடிவதற்குள் இவர் போய்விட்டால்? அந்தப் பாவம் என் தலையில் அல்லவா? ஆனாலும் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு எப்படி மறுப்பது...

"அட்வான்ஸ் ஹப்பி பேர்த்டே, ஐயா."

இந்தமுறை அவர் காதைப் பொத்தவில்லை. தன் மொழியில் இரண்டே சொல் சொன்னார். ஒன்று நன்றி. மற்றது அப்பா.

அடுத்த நாள் நான் உலையே வைக்கவில்லை. வேலியையும் போனையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தேன். பதினொன்று... பதினொன்றரை... பன்னிரண்டு. பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை.

போன் அடித்தது.

"பன்னிரண்டு அஞ்சு." கார்ல் ஐயாவேதான்! "எல்லாரையும் வாயை மூடச் சொல்லிப்போட்டு முதல் உனக்குத்தான் எடுக்கிறன். நான் இருக்கிறன், பிள்ளை. அப்பா போனது அந்த வாழ்த்தாலை இல்லை."

அவருக்குப் பின்னால் வீடு அதிர்ந்தது. நான் குசினியில் நின்று குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன். தொண்ணூறு வயதில் ஒரு மனிதர், ஒன்பது வயதுப் பயத்தைத் தன் உயிரை வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்.

அந்த வருடம் நடுவில் வந்த குளிர்காலம் வரை இருந்தார். இப்போது அந்த வீட்டில் வேறு ஆட்கள். மேசையை மோனிகா தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். இந்த வருடம் வேலி தாண்டி எந்த வாசமும் வராது.

பிறந்தநாள் நாளைக்குத்தான். தெரிந்துதான் இன்றைக்கே எழுதுகிறேன்.

அட்வான்ஸ் ஹப்பி பேர்த்டே, கார்ல் ஐயா.