மூன்று வருஷ பாண்டும் ஒரு ஸ்கூல் வேனும்

போன செவ்வாய்க்கிழமை கிள்ளானில் ஒரு கம்பெனி என்னை ட்ரெய்லர் ஓட்ட எடுத்துக்கொள்ளப் பார்த்தது.

அறுபதை நெருங்குகிற ஆள் நான். பிரிக்ஃபீல்ட்ஸ் ஃப்ளாட்டில் மாடி ஏறி இறங்கவே முட்டி கெஞ்சுகிறது. என்னைப் பார்த்து அந்த எச்.ஆர். தம்பி, "அங்கிள், கண் டெஸ்ட் எடுத்தாச்சா?" என்றால் என்ன சொல்ல?

வேலை கேட்டு வந்தது என் தங்கை வசந்தா. நான் துணைக்குப் போனவன். நம் வீடுகளில் அது ஒரு வழக்கமாயிற்றே... பெண் எந்த ஆபீசுக்குப் போனாலும் 'ஒரு ஆம்பள கூட வரட்டும்' என்பார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த ஆம்பள நான்தான். பேங்க், ஆஸ்பத்திரி, ஸ்கூல் மீட்டிங் – போய்ப் போய் அலுத்துவிட்டது. ஆனால் லோரி கம்பெனிக்கும் அப்படியே போய் உட்கார்ந்தால் டிரைவர் யாரென்று நினைப்பார்கள்? எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை.

வசந்தா கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். கணவர் தவறியதிலிருந்து அவளுக்கும் மகள் யாழினிக்கும் சோறு போடுவது அந்த வேன்தான். இப்போது வேனில் ஏறும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இபிஎஃப் சேமிப்பு கிடையாது, சொக்சோ காப்புறுதி கிடையாது, ஸ்கூல் லீவு விட்டால் வருமானமும் லீவு. போர்ட்டில் ட்ரெய்லருக்கு ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள் என்று யாரோ சொல்ல, கனரக லைசென்ஸ் எடுப்பதென்று முடிவு கட்டிவிட்டாள்.

வழி இரண்டு. கம்பெனியே செலவு செய்து பழக்கிவிடும் – ஆனால் மூன்று வருஷம் பாண்டு, நடுவில் விலக முடியாது. இல்லையென்றால் கைக்காசைப் போட்டு டிரைவிங் ஸ்கூல். அப்புறம் வேலை கிடைப்பது அவரவர் தலையெழுத்து.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சும்மா சொல்லித் தருகிறான், பழகும்போதே சம்பளமும் தருகிறான். கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம்... அப்படித்தான் நான் நினைத்தேன்.

வேலை அவளுக்கு என்று தெரிந்த பிறகும் அந்தத் தம்பி என் முகத்தைப் பார்த்தே விளக்கினார். நானும் பெரிய மனுஷனாய்க் கேள்வி கேட்டேன். இன்சூரன்ஸ் உண்டா? மெடிக்கல் லீவு? யூனிஃபார்ம் எத்தனை செட்? எழுந்திருக்கும்போதுதான் வசந்தா, ராத்திரி வீட்டுக்கு வந்துவிட முடியுமா என்று கேட்டாள்.

அவர் மறைக்கவில்லை, பாவம். பாண்டு முடியும்வரை கொடுக்கிற ரூட்டுக்குப் போயாக வேண்டும். ஜொகூர், பினாங்கு... சில நாள் லோரியிலேயே தூக்கம்.

"மூணு வருஷம்தான் லா, அக்கா. அப்புறம் போர்ட் பக்கமே பகல் ரூட் கேட்டு வாங்கிக்கலாம்" என்றார்.

அங்கிருந்து வேனிலேயே ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போனோம். டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் ஒரு பழைய லோரி வெயிலில் நின்றது. பயிற்சி தருகிறவர் ரொம்ப நேர்மையான மனிதர். டெஸ்ட் பாஸ் பண்ணத்தான் இங்கே சொல்லித் தருவோம், ரோட்டை நீங்களேதான் பழக வேண்டும் என்றார். பெரிய கம்பெனி அனுபவம் கேட்கும், சின்ன முதலாளிகள் பெண் என்றால் தயங்குவார்கள் என்றும் சொன்னார்.

அனுபவம் இல்லாமல் வேலை இல்லை. வேலை இல்லாமல் அனுபவம் ஏது? என் இருபது வயதில் நானும் இதைக் கேட்டிருக்கிறேன். இன்னும் யாரும் பதில் கண்டுபிடித்த மாதிரி தெரியவில்லை.

மத்தியானம் ஸ்கூல் விடுவதற்குள் கிள்ளான் திரும்ப வேண்டும். ஹைவேயில் வழக்கமான ஜாம். எனக்குப் பசி, களைப்பு, முட்டிவலி... அந்த எரிச்சலில் உபதேசம் ஆரம்பித்தேன். கம்பெனிக்கே போ, பிள்ளையை எங்கள் வீட்டில் விடு, அண்ணி பார்த்துக்கொள்வாள், மூன்று வருஷம் ஓடுவதே தெரியாது என்றேன்.

அவள் கியரை மாற்றி, ஜாமில் வேனைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.

"யாழினிக்கு இப்ப பதினஞ்சு, அண்ணே. பாண்டு முடியறப்ப அவ காலேஜுக்குப் போயிருவா. அப்புறம் நான் பகல் ரூட் வாங்கி, ராத்திரி வீட்டுக்கு வந்து யாரப் பாக்குறது?"

எனக்குச் சுரீரென்றது.

டிரைவிங் ஸ்கூலில்தான் சேர்ந்திருக்கிறாள். காலையில் வேன், பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பயிற்சி, மத்தியானம் மறுபடியும் வேன். முடிந்தபின் வேலை கிடைக்குமா? தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது என்று அவளே சொன்னாள். எனக்கும் பயம்தான்.

மூன்று வருஷம்தானே என்று அந்தத் தம்பியும் சொன்னார், நானும் சொன்னேன். பதினைந்து வயதுப் பிள்ளையைப் பெற்றவளுக்கு மிச்சம் இருப்பதே அந்த மூன்று வருஷம்தான்.