கேற்றை நக்கிய மகள்

என் நான்கு வயது மகளுக்குக் கோபம் வந்தால் பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிடும். ஒருநாள் வாழைப்பழம் உரிக்கும்போது முறிந்துவிட்டது என்று முற்றத்தில் உருண்டு உருண்டு அழுதாள். கிளிநொச்சியில் டொக்டரிடம் காட்டினோம். இரத்தம் சோதித்துப் பார்த்தவர், "பிள்ளைக்கு இரும்புச்சத்துக் காணாது. அதாலையும் சிடுசிடுப்பு வரும். மருந்தோடை கீரையும் நெத்தலியும் குடுங்கோ" என்றார்.

மறுநாள் அவளைத் தேடிப் போனால், எங்கள் வீட்டு வாசல் இரும்புக் கேற்றைக் கட்டிப்பிடித்து நக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"கோவம் வருதம்மா. அதுதான் இரும்பு சாப்பிடுறன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளைக் கழுவித் துடைத்து, முருங்கையிலையிலும் இரும்பு இருக்கிறது என்று சொல்லி, தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்து ஊட்டினேன். ஒரு வாய் மென்றுவிட்டு, "கேற்தான் ருசி" என்றாள்.

மருந்தும் சாப்பாடும் சேர, சில மாதங்களில் அழுகை மெல்லக் குறைந்தது. போன கிழமை மோட்டார் சைக்கிள் ஸ்ராட் வரவில்லை என்று என் கணவர் அதை உதைத்துக் கத்தினார். மகள் குசினிக்குள் ஓடிவந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கும் இரும்பு காணாது. கெதியா வறை போடுங்கோ!"

கீரையே தொடாத மனுசன், இடுப்பில் கைவைத்தபடி அவள் பார்த்து நிற்க, நான் போட்ட வறை முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.