மேல் ஓடைத் தண்ணீர்

சுற்றுச்சூழல் படிப்பு என்றுதான் பெயர். உள்ளே போனால் வேதியியல், விலங்கியல், சட்டம், சமூகவியல் என்று நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்து கருத்து வரும். கள ஆய்வுக்கு ஏற்காட்டில் ஓர் ஓடையைப் பிடித்துக்கொடுத்தது நான்தான். ஊர்ப் பெருமை பேசிப் பேசி மாட்டிக்கொண்டேன்.

அந்த ஓடை ஓடுவது அப்பா கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் காபி எஸ்டேட்டுக்குள். நாங்கள் குடியிருந்த வீடும் எஸ்டேட் வீடு. வேலை இருக்கும்வரைதான் அது எங்களுடையது. சீசனில் காபிப் பழத்தைத் தோலுரித்துக் கழுவிய தண்ணீர் பல்ப்பர் கொட்டகையிலிருந்து நேராக ஓடையில் விழும். அந்தப் புளித்த வாடையிலேயே வளர்ந்ததால் எனக்கு அது வாடையாகவே தெரிந்ததில்லை.

வேதியியல் தோழிக்குக் கால் சுளுக்கியிருந்தது. தண்ணீர் எடுத்துவர என்னை அனுப்பினாள். நான் பல்ப்பருக்கு மேலே, எங்கள் வீட்டுக்குக் குடம் நிரப்பும் இடத்தில் பாட்டிலை முக்கினேன். பழக்கத்தில் கை அங்கே போனது என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி பயம்.

பரிசோதனையில் தண்ணீர் சுத்தம் என்று வந்தது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது. ஆனால் விலங்கியல் படித்தவன் பல்ப்பருக்குக் கீழே ஓடைக் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்திருந்தான். ஒன்றின் அடியிலும் ஒரு பூச்சி இல்லை. இவ்வளவு நல்ல தண்ணீரில் பூச்சி ஏன் இல்லை என்று அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். மற்றவர்கள் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுபடி எடுக்க வேண்டும், அதற்கு எஸ்டேட்டில் புதிதாக அனுமதிக் கடிதம் வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே கேட்டார்.

“நம்ம ஊட்டுக்கு எடுக்கற எடத்துலயா எடுத்தே?”

“ஆமாங்கப்பா.”

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “இத்தன வருசமா அத்தன தூரம் ஏறிப் போய் ஏன் தண்ணி எடுக்கறோம்னு நீ ஒருநா கூடக் கேக்கல கண்ணு. கேட்டுருவியோன்னு எனக்கு நொம்ப பயம்.”

பல்ப்பருக்குக் கீழே, குப்பனூர் ரோட்டுப் பக்கம் இருந்த வீடுகளுக்கு அந்தக் கீழ் ஓடையை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. அந்த வீட்டுப் பிள்ளைகளோடுதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

முதல் கடிதத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட்டிருந்தார். இந்த முறை அப்பா தானே எழுதினார். ‘பல்ப்பருக்குக் கீழே’ என்று இடத்தைத் தெளிவாகக் குறித்து, அடியில் தன் கையெழுத்தைப் போட்டார். மேனேஜர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன்.

“நான் குடுத்தேன்னு சொல்லுவேன். ஊட்டக் காலி பண்ணச் சொன்னா பண்ணலாம்.”

மறுநாள் கீழே இறங்கிப் பாட்டிலை நிரப்பினேன். முதல் தடவையாக அந்த வாடை மூக்கில் ஏறியது. வீட்டுக்கு வந்ததும் அம்மா குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். தாகமாகத்தான் இருந்தது. குடிக்க முடியவில்லை.