அம்மாவின் நெத்திலி அடுப்பு

எங்களைப் பெற்று ஆளாக்கிய அம்மா நாகப்பட்டினத்துக் கடலோரத்தில் பிறந்தார். அப்பாவைக் கைப்பிடித்துக் கப்பலேறி, ஜொகூரில் மெர்சிங் கரைக்கு வந்து சேர்ந்தார். அப்பா அங்கே நெத்திலி வாங்கி, உப்புநீரில் அவித்துக் காயவைத்து, லாயாங் லாயாங், செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டக் கடைகளுக்கு அனுப்பிவந்தார். தோட்டத்து ஜனங்களின் கஞ்சிக்கு அந்தக் கருவாடுதான் துணை.

நாங்கள் மூவரும் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே காய்ச்சல் அப்பாவைக் கொண்டுபோயிற்று. அம்மாவின் அண்ணனான பெரிய மாமா, எங்களை ஊருக்கு அழைத்துப்போக வந்துவிட்டார். ஊருக்குப் போனால் யார் வீட்டிலாவது ஒதுங்கித்தான் பிள்ளைகளை வளர்க்க வேண்டும். அது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அவிக்கும் கொட்டகையைத் தானே நடத்துவதாகச் சொல்லிவிட்டார்.

முதல் கொதியே காலை வாரிவிட்டது. அண்டாவில் போட்ட நெத்திலியெல்லாம் வயிறு வெடித்துக் கூழாயின. அடுத்த கொதியும் அப்படியே. கடைக்காரர்கள் மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

"பாத்தியாம்மா? இது பொம்பள செய்யிற வேலை இல்ல. மழைக்காலம் வர்றதுக்குள்ள கப்பல் ஏறிடலாம்," என்றார் மாமா.

"இன்னொரு கொதி பாத்துட்டுப் பேசுங்கண்ணே. அவிக்கிறது பொம்பளைன்னு மீனுக்குத் தெரியுமா?" என்றார் அம்மா. அம்மாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம்; அதை அறியாத உறவினர் யாருமில்லை.

பிறகு வெடித்த மீன்களைக் கிளறிப் பார்த்தார். வயிறு நிறையச் சிவந்த இரை. நெத்திலிக் கூட்டம் பொடி இறாலை மேய்ந்துகொண்டே கரைக்கு வரும். வயிறு முட்டத் தின்ற மீனை உடனே கொதிநீரில் போட்டால் வயிறு கிழியும். சில நாள் அப்பா கரைவலையை முழுக்க இழுக்கவிடாமல், மீனை உயிரோடு நீரிலேயே நிறுத்திவைத்தது ஏன் என்று அப்போதுதான் அம்மாவுக்கு விளங்கிற்று.

மறுநாள் வலை கரையை நெருங்கியதும் அம்மா இடுப்பளவு நீரில் இறங்கிவிட்டார். எங்களோடு பழகித் தமிழ் பேசக் கற்ற மலாய்க்காரர், வலைக்குச் சொந்தக்காரர் பாக் லோங், பதறிப்போனார்.

"அலமாக்! நிப்பாட்டுனா பெரிய மீன் வந்து வலைய கிழிச்சிடும் லா!"

"கிழிஞ்சா நான் தச்சுத் தர்றேன், பாக் லோங். வயிறு காலியாகட்டும்."

அவர் முணுமுணுத்தபடியே கயிற்றைப் பிடித்து நின்றார். அம்மா மீனை எடுத்தெடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இரையால் இருண்டு தெரிந்த வயிறு தெளிந்த பிறகே இழுக்கச் சொன்னார். அன்று அவித்த நெத்திலி முழுசாக வந்தது. மாமா தனியாகத்தான் கப்பலேறினார். அந்த அடுப்பை நம்பித்தான் நாங்கள் வளர்ந்தோம், எங்கள் கல்யாணங்களும் நடந்தன.

சென்ற ஆண்டு படுக்கையில் விழுந்த அம்மா எங்களை அழைத்துச் சொன்னார்: "நான் போற அன்னிக்கு மீன் வந்தா, சாவு வீடுன்னு அடுப்ப மூட்டாம இருந்துடாதீங்க. வலை இழுக்கிறவங்களும் புள்ளகுட்டிக்காரங்கதான்."

அப்படியே ஆயிற்று. அம்மா கண்மூடிய காலையில் வலை நிறைந்து வந்தது. உடல் வீட்டில் கிடக்கக் கொட்டகையில் புகை எழுந்ததைக் கண்டு மனம் நொந்த உறவினர்கள் உண்டு. அடுப்பை மூட்டியவள் நான்தான். அதற்காக வருந்தவில்லை. அம்மா இல்லையே என்றுதான் இன்றும் அழுகிறேன்.

நோயில் துணைநின்றவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்து துக்கத்தில் பங்குகொண்டவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். அன்று மதியம் பாக் லோங்கின் மகன்களும் என் தம்பிகளும் குளிக்க நேரமின்றிக் கொட்டகையிலிருந்து நேரே வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். அம்மா மீன் வாடையோடுதான் போனார். அந்தத் தோள்களுக்கு எங்கள் நன்றி.

— மூத்த மகள்